போர்வை டிபார்ட்மென்ட்

அன்று அந்தக் கேபினில் இருந்தவர்கள்:

33, கீழ் பெர்த். மளிகைக்கடைக்காரர். அறுபது வயது இருக்கும்.

34, நடு பெர்த். அவருடைய மச்சான். ஏறியதும் சாப்பாட்டைப் பிரித்தார்.

35, மேல் பெர்த். கடைக்காரரின் மகன். கையில் போன்.

36, எதிர்ப்பக்கம் கீழ் பெர்த். கடைக்காரரின் மனைவி.

37, 38. மதுரையில் இறங்க வேண்டிய கணவன் மனைவி. படுத்ததுதான் தெரியும்.

39, நடைபாதை ஓரம் கீழ் பெர்த். கடையநல்லூர் ஜவுளி வியாபாரி.

40, அதற்கு மேலே. குறட்டை. முகம் பார்க்கவில்லை.

நின்றுகொண்டிருந்தவன் நான். எனக்கு நம்பர் கிடையாது.

சென்னைக்கும் செங்கோட்டைக்கும் ஓடுகிற ராத்திரி வண்டியில், ஏசி பெட்டியில் போர்வை கொடுக்கிற வேலை எனக்கு. கான்ட்ராக்ட் வேலை. ஊர் சங்கரன்கோவில். ஆட்களின் பெயர் தெரியாது. நம்பர்தான் தெரியும்.

ஏசியில் போகிறவர்களுக்கு வெளியே ஒரு மரியாதை இருக்கிறது. என்னிடம் கிடையாது. அவர்கள் தூங்கி எழுந்த இடத்தை நான் பார்க்கிறேன். கோழி எலும்பை விரிப்புக்குள் சுருட்டி வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை மூத்திரம் போன விரிப்பை நாலாக மடித்து, “இது புதுசு, நாங்க பிரிக்கவே இல்ல” என்று கையில் கொடுப்பார்கள். ஒருவர் குளிருது என்பார். பக்கத்து ஆள் வேர்க்குது என்பார். ஒரே பெட்டி, ஒரே காற்று. இரண்டு பேருக்கும் “சரி சார்” என்பேன். போய்க் கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். “இப்பம் பரவால்ல” என்று இரண்டு பேரும் சொல்வார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு காகிதப் பை. அதில் விரிப்பு இரண்டு, தலையணை உறை ஒன்று, கைத்துண்டு ஒன்று. தலையணையும் கம்பளிப் போர்வையும் தனி. விரிப்பையும் உறையையும் சென்னையில் சலவைக்குப் போகும்போதுதான் எண்ணுவார்கள். துண்டை மட்டும் செங்கோட்டையிலேயே எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஏனென்றால் துண்டுதான் காணாமல் போகும். லட்ச ரூபாய் போன் வைத்திருப்பவர் எடுப்பார். கை துடைக்கிற துண்டு. நாலு தடவை துவைத்தால் நூல் நூலாகப் போய்விடும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூணு மணிக்கு என் மகளைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மகளுக்கு இருபத்தெட்டு வயது. ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை. அதற்கு முன் இரண்டு இடம் வந்தது. என் வேலை என்ன என்று கேட்டதும் இரண்டும் வராமல் போயிற்று. இது மூன்றாவது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் மேலநீலிதநல்லூர் பக்கம். தரகர் என் மனைவியின் போனுக்குப் போட்டோ அனுப்பியிருந்தார். மகள் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை. போட்டோவை இரண்டு தடவை பெரிசாக்கிப் பார்த்தாள். அது போதும் எங்களுக்கு.

தாம்பரம் தாண்டி 35-க்குப் பையை நீட்டினேன். போட்டோவில் பார்த்த முகம் குனிந்து வாங்கிக்கொண்டது.

நான்தான் பெண்ணின் அப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கீழே இருந்து 33 கூப்பிட்டார்.

“ஏப்பா, இந்தப் போர்வை நாறுது. வேற கொண்டா.”

வேறு கொடுத்தேன்.

“இதுவும் நாறுது.”

முதலில் கொடுத்ததையே மடிப்பை மாற்றி மறுபடி கொடுத்தேன்.

“ஆங், இது போர்வை” என்றார்.

“சொல்லுத விதத்துல சொன்னாத்தான் இவனுவ கேப்பானுவ அத்தான்” என்றார் மச்சான். வாயில் பூரி.

33-க்குத் தெம்பு வந்துவிட்டது. “இந்தா பாரு. எங்களுக்குச் சம்பந்தி ஆகப்போறவரு ரயில்வேல இருக்காரு. சங்கரன்கோவில்காரரு. ஒரு போன் போட்டேன்னு வையி, நாளைக்கு நீ இந்த வண்டியில இருக்க மாட்ட.”

“சரி சார்” என்றேன்.

“அவரு பேரு என்ன வே?” என்று மச்சானைக் கேட்டார். மச்சானுக்கும் தெரியவில்லை.

தரகர் சொன்ன வார்த்தை அது. ரயில்வேல இருக்காரு. பொய் என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஐந்து ராத்திரி ரயிலில்தான் இருக்கிறேன்.

விளக்கை அணைக்கும் வரை அதே பேச்சு. நான் துணி வைக்கிற அலமாரிப் பக்கம் நின்றேன். எல்லாம் கேட்டது.

“பென்சன் உண்டும்லா?” என்றார் 36.

“பின்ன? பாஸும் உண்டு.”

“மருமவ வந்தா நமக்கும் பாஸ் கெடைக்குமோ?”

“கெடைக்கும் கெடைக்கும். இனிமே காசிக்கே ஓசியில போலாம் பாரு.”

“போட்டோவுல பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மியாத் தெரியுது” என்றார் மச்சான்.

“ரயில்வே நெறம்வே அது” என்றார் 33. எல்லாரும் சிரித்தார்கள். மேல் பெர்த்தைப் பார்த்தேன். போன் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. சிரித்தானா என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை, அது தெரியும்.

மதுரையில் 37-ம் 38-ம் இறங்கினார்கள். விரிப்பை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். நான் வாசலில் அவர்கள் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு பெர்த்திலும் துண்டு இல்லை.

ராஜபாளையம் தாண்டியதும் 33 பையைத் திறந்தார். நான் சாக்கோடு பக்கத்துக் கேபினில் நின்று பழைய விரிப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு துண்டு கிடந்தது. தன் துண்டைப் போட்டார். மனைவியுடையதைப் போட்டார். மச்சான் தானாகவே நீட்டினார்.

“ஏலே, ஒன்னோடதையும் குடு.”

“எதுக்குப்பா?” என்றான் 35.

“தராசு தொடைக்க ஆவும்.”

கை கீழே வந்தது. கையில் துண்டு. கண் போனிலேயே இருந்தது.

39, கடையநல்லூர்க்காரர், தன் விரிப்பை மடித்து, துண்டை மேலே வைத்து, என் கையில் கொடுத்தார். அப்படிக் கொடுக்கிறவர்கள் ஒரு நடைக்கு இரண்டு பேர் இருப்பார்கள். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணாச்சி, அங்கன பைக்குள்ள போவுதே, பாத்தியளா?”

“பாத்தேன்.”

“கேக்கலையா?”

“கேப்பேன்.”

“எப்பம்? ஊரு வந்துட்டுல்லா?”

“மூணு மணிக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சாக்கைக் கட்டினேன். பயணியின் பையைத் திறந்து பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. கேட்டால் புகார் எழுதுவார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

சங்கரன்கோவிலில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். அந்தப் பையை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். “பாத்து எறக்கு” என்றார் 33. கனமே இல்லை. துண்டுக்கு என்ன கனம்.

செங்கோட்டையில் எண்ணினோம். ஆறு குறைந்தது.

“ஆறு துண்டா? எவன்வே எடுத்தான்?” என்றார் சூப்பர்வைசர்.

“என் சம்பந்தி.”

அவர் சிரித்தார். “வெளையாடாதியும். சாயங்காலத்துக்குள்ள வரணும். இல்லன்னா வேற ஆளு ஏறுவான்.”

பஸ் பிடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மனைவி கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

“எப்பா, அவங்க ஒங்க வண்டியிலதான் வந்தாங்களாமே? தரகர் சொன்னாரு. ஆளு எப்படி?”

“முப்பத்தஞ்சு. மேல் பெர்த்து.”

“அதையா கேட்டேன்?”

“சத்தம் போடல. எதுவும் கேக்கல. எதுவும் சொல்லல.”

“நல்லதுதான?”

“தெரியல. அவன் அப்பா கேட்டாரு, துண்டை எடுத்துக் குடுத்தான்.”

அவள் என் மகள். துண்டு என்றால் என்னவென்று அவளுக்கு விளக்க வேண்டாம். தலை வாரப் போனாள்.

மூணு மணிக்கு வேனில் வந்தார்கள். தரகர் முன்னால் நடந்தார். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. 33 கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. ராத்திரி அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

36 ஒரு பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். வெற்றிலை, தேங்காய், ஆப்பிள், மல்லிகைப்பூ. ரோட்டுத் தூசி படாமல் மேலே ஒரு வெள்ளைத் துண்டு போட்டு மூடியிருந்தது.

சின்னத் துண்டு. ஓரத்தில் நீல முத்திரை.

என் மனைவி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“சம்பந்தி ரயில்வேல எந்த டிபார்ட்மென்ட்டு?” என்று 33 ஆரம்பித்தார்.

“போர்வை டிபார்ட்மென்ட்டு.”

“அப்படீன்னா?”

“ஏசி பெட்டியில போர்வை குடுக்கேன். கான்ட்ராக்ட்டு. பாஸ் கெடையாது. பென்சன் கெடையாது. ராத்திரி ஒங்களுக்கு ரெண்டு போர்வை குடுத்தேன். ரெண்டும் நாறுச்சு.”

தரகர் செருமினார். மச்சான் என்னை உற்றுப் பார்த்தார். “எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு அப்பமே நெனைச்சேன்” என்றார். அவர் அப்போது நினைக்கவில்லை. ராத்திரி பூரியைத்தான் பார்த்தார்.

33-க்கு முகம் கறுத்தது. “என்னவே, ரயில்வேன்னு சொன்னீரே” என்று தரகரைப் பிடித்தார்.

“ரயில்ல இருக்காருன்னுதான் அண்ணாச்சி சொன்னேன்.”

“ரயில்ல முறுக்கு விக்கவனும்தான் இருக்கான்.”

அந்த நேரத்தில் மகள் காபித் தட்டோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். காபியை வைத்தாள். தாம்பாளத்தின் மேல் கிடந்த துண்டை எடுத்தாள். ஒரு தடவை உதறினாள். முத்திரை மேலே தெரிய நாலாக மடித்தாள். நேரே மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

“இது ஒங்களோடதா?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆமாம், தப்பு என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருந்தால்கூட அவள் சிரித்திருப்பாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவன் அவனுடைய அப்பாவைப் பார்த்தான்.

அவள் துண்டை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“தாம்பாளத்த எடுத்துக்கிடுங்க. எங்களுக்குச் சரிப்படாது” என்றேன்.

33 எழுந்தார். “நீரு என்னவே சொல்லுதது, நாங்க சொல்லுதோம் சரிப்படாதுன்னு. ஒரு துண்டுக்கு இவ்வளவு பேச்சா?”

“ஆறு” என்றேன்.

“என்னது?”

“ஆறு துண்டு. நாலு ஒங்களோடது. ரெண்டு மதுரையில எறங்குனவங்களோடது.”

33 வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். கண்டவன் வீட்டில் காபி குடிக்க வந்தோம் பாரு என்று தெருவில் நின்று சொன்னார். காபியைக் குடித்துவிட்டுத்தான் சொன்னார். மச்சான் கேசரியையும் முடித்திருந்தார். 35 எல்லாருக்கும் முந்தி வேனில் ஏறிவிட்டான்.

உள்ளே மகள் தலையில் வைத்த பூவை எடுத்துக்கொண்டிருந்தாள். “அழுதியாட்டி?” என்று மனைவி கேட்டாள்.

“எதுக்கு? ஊசிக்குக் கையை நீட்டுதவன்கூட வலிக்குன்னு சொல்லுதான். இவரு வாயத் தொறக்கல” என்றாள்.

வேன் கிளம்பவில்லை. 36 தனியாக இறங்கித் திரும்பி வந்தார். கையில் அந்தப் பை. படியில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கடையில துண்டு நெறைய கெடக்குண்ணே. இவரு ஏன் எடுக்காருன்னு எனக்குத் தெரியல” என்றார்.

எனக்கும் தெரியவில்லை. பல வருஷமாகப் பார்க்கிறேன்.

அவர் போனபிறகு, மடியில் இருந்ததையும் படியில் வைத்தேன். சாயங்கால வண்டிக்கு நேரம் இருந்தது. உட்கார்ந்து எண்ணினேன். துண்டு சரியாக இருந்தது. அடியில் ஒரு தலையணை உறை கிடந்தது. உறையை எவன் எடுக்கப் போகிறான் என்று செங்கோட்டையில் நான் எண்ணவே இல்லை.

ஏழு.