இரண்டு அண்டா

மில் திறந்த அன்று மேலத்தெருவிலிருந்து ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். எங்கள் காலனியிலிருந்து அம்மாவோடு ஐந்து பேர். கடன் கொடுத்த சென்னைக் கம்பெனிக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். ஊர்ப் பெரியவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கோயில் தேரை யார் இழுப்பது என்று மேலத்தெருவோடு வந்த தகராறில் எரிந்த காலனி வீடுகள் அப்போதும் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருந்தன.

வறுமை போனால் பகை போகும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதை இரண்டு தெருவுக்கும் எடுத்துச் சொன்னவன் நான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் நம்பினார்கள். நெல்லை அவித்து, அரைத்து, புழுங்கல் அரிசியாக விற்பது திட்டம். கடனில் மிஷின், பங்குப் பணத்தில் நெல். ஆளுக்கு ஆறாயிரம். அம்மா ஆட்டை விற்றுக் கட்டினாள். இனி மேலத்தெரு வயலில் நடவுக்குக் குனியக்கூடாது, அவ்வளவுதான் அவள் ஆசை.

முதல் தடவை நெல் அவிக்கும்போதே சிக்கல். காலனிக் கை பட்ட நெல்லோடு சேர்த்து அவித்தால் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள் மேலத்தெருப் பெண்கள். கோபமாகக்கூட இல்லை, மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்கள். சண்டை வேண்டாமென்று பத்துப் பேரும் பேசி இன்னொரு அண்டா வாங்கினோம். மூட்டையும் தனித்தனி. கம்பெனிக்காரர்கள் அதைச் சமாதானம் என்று எழுதிக்கொண்டார்கள்.

மூட்டைக்கு முன்னால் அந்தச் சேதி கடைக்குப் போய்விட்டது. மயிலாடுதுறையில் ஒரு கடைக்காரர் அரிசியை மென்று பார்த்து நன்றாயிருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, இது எந்த அண்டா?" என்றார்.

சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. வாங்குறவங்க கேக்குறாங்கல்ல."

மேலத்தெரு மூட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. எங்களுடையதில் வண்டு விழுந்தது. காலனியில் ரேஷன் அரிசி இருக்க, விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? இரண்டையும் கலந்து விற்கலாமா என்று மேலத்தெருக்காரர்களிடம் கேட்டேன்.

"ஏன், எங்களதையும் போகாம அடிக்கவா?" என்றாள் ஒருத்தி. வியாபாரமாகப் பார்த்தால் நியாயம்தான்.

அம்மா ஒரு தடவைதான் குத்திக் காட்டினாள். "காசு வந்தா எல்லாம் மாறும்னியேடா. வந்துச்சே. அவங்களுக்கு."

மிச்சக் கடனைக் கட்டி மில்லை மேலத்தெருப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி மறுக்கவில்லை. அந்தக் குறுவைக்கு அம்மா நடவுக்குப் போனாள், அந்த ஐவரில் ஒருத்தியின் வயலுக்கு. வண்டு அரிசியைக் கோழித் தீவனத்துக்குத் தள்ளியது போக, எங்கள் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து நட்டம் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு.