தேதியில் ஒத்துப்போகாத தம்பதி

பல் மருத்துவமனையில் நோயாளிகளை வரவேற்கும் முன்மேசையில் வேலை செய்பவளுக்குக் கணினியைத் திறந்தாலே குமட்டும். எக்ஸ்ரே படங்களுக்குத் தேதியைப் பெயராக வைக்கும்போது டாக்டர் நாள் எண்ணை முதலில் போடுவார். அவர் மனைவியும் டாக்டர்தான். மனைவியோ மாதத்தை முதலில் போடுவார். வீட்டுச் சண்டை இங்கே கழுவாத எச்சில் பாத்திரம்போலக் குவிந்து நாறியது.

அன்று கன்னம் வீங்கிய ஒரு பெண் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். அவள் பெயரில் 03-04 என்று ஒரு படம், 04-03 என்று இன்னொன்று. ஒன்றில் கடைவாய்ப் பல் சொத்தை, மற்றதில் பக்கத்துப் பல்.

"இதுல எது கடைசியா எடுத்தது?" என்றார் டாக்டர்.

"பேர் வெச்சது யாருன்னு தெரிஞ்சாத்தானே சார்? ரெண்டு பேரும் வருஷம், மாசம், நாள்னு ஒரே மாதிரி போடுங்களேன்" என்றாள் முன்மேசைக்காரி.

"அதை மேடம்கிட்ட சொல்லு. நான் சொன்னா சோறு கிடைக்காது."

"ஏன், நான்தான் மாறணுமா?" என்று உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "உங்க பஞ்சாயத்து முடியறவரை என் பல்லுல யாரும் கை வைக்காதீங்க."

வேறு வழியின்றி மறுபடியும் படம் எடுத்தார்கள். டாக்டர் அதற்கு 'புதுசு' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருப்பதாகக் கணினி சொன்னது. உடனே 'ரொம்பப் புதுசு' என்று மாற்றினார். முன்மேசைக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கை கழுவப் போனாள்.