எட்டு இடத்தில் எழுதிய முகவரி

தம்போயில் ஒரு கோயில் கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு இணையதளம் எழுதிக் கொடுத்தது நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

பதிவு, ரத்து, ரசீது, காலி நாள் பார்ப்பது போன்ற எட்டு வேலைகளுக்கு நிரலில் எட்டு கிளாஸ், அதாவது எட்டு தனிப் பகுதிகள், எழுதியிருந்தேன். ஒவ்வொன்றும் டேட்டாபேஸைத் திறக்க வேண்டும். அதற்கு சர்வர் முகவரியும் கடவுச்சொல்லும் தேவை. அவற்றை ஒரே கோப்பில் வைத்து, எல்லா கிளாஸும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்வதுதான் முறை. நான் எட்டிலும் நகலெடுத்து ஒட்டினேன். அவசரத்தில் செய்தேன் என்றால் பொய். சோம்பல்தான்.

பிறகு சர்வரை மாற்றியபோது ஏழு இடங்களில் முகவரியைத் திருத்தினேன். காலி நாள் பார்க்கும் கிளாஸ் மட்டும் விட்டுப்போனது. பழைய சர்வரை மூடியிருந்தாலாவது அன்றே பிழை காட்டி என் மானத்தை வாங்கியிருக்கும். அது திறந்தே கிடந்தது. புதிய பதிவுகள் புதிய சர்வரில் சேர, இந்த கிளாஸ் பழைய பதிவுகளையே பார்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் 'காலி' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து மண்டபச் செயலாளர் போன் செய்தார்.

"ஏம்மா, ஆவணியில ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு கல்யாணம் புக் ஆயிருக்கு. அலமாக்! ரெண்டு பேரும் ரசீதோட வந்து நிக்கிறாங்க லா!"

நிரலைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் இரண்டாவதாகப் பதிந்த குடும்பம் கார்டு அடித்து, பாதியைக் கொடுத்தும் முடித்திருந்தது. ஐந்து நிமிட கார் தூரத்திலிருந்த டேவானில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், கல்யாணத்தை வைத்துக்கொள்ள அவர்கள் சம்மதித்ததே பெரிய மனசு. மீதிக் கார்டுகளில் மண்டபத்தின் பெயர் மேல் புதிய பெயரை ஒட்ட நானும் அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"கொடுத்த கார்டுல என்னத்தம்மா ஒட்டுவ?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா. கார்டு வாங்கியவர்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தார்கள். யாரோ ஒருவர் விட்டுப்போவார் என்ற பயம் என்னைத் தின்றது.

அதனால் கல்யாணத்தன்று விடிந்ததுமே கோயில் மண்டபத்தின் வாசலில் போய் நின்றேன். உள்ளே முதலில் பதிந்திருந்த குடும்பத்தின் கல்யாணம். வருகிறவர்களின் கார்டை வாங்கிப் பார்த்து, தவறி வந்த நாலு பேரை டேவானுக்கு அனுப்பினேன். அப்போது டேவானிலிருந்து பெண்ணின் அம்மா போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"எங்கண்ணன் இன்னும் வரல. லாயாங் லாயாங் ஊர்லேர்ந்து காலையிலயே கெளம்பிட்டாராம், போன எடுக்க மாட்றாரு. மொத கார்டு அவருக்குத்தான் கொடுத்தேன். பட்டியல் போட்டப்ப அவர எழுதவே இல்ல. தாய்மாமன் மாலை போடாம பொண்ண எப்படி மேடைக்கு அனுப்புறது?"

முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முன்வாசலை மட்டுமே காத்துக்கொண்டிருந்தேன். கார் நிறுத்தும் இடத்திலிருந்து பின்வாசல் வழியாகவும் வரலாம்.

உள்ளே ஓடினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர்: நெற்றியில் சந்தனம், சட்டையில் பன்னீர் ஈரம், மடியில் மாலைத் தட்டு. கார்டைக் கேட்டு வாங்கினேன். எதுவும் ஒட்டாத கார்டு.

"மாமா, இது உங்க தங்கச்சி வீட்டுக் கல்யாணம் இல்ல. வாங்க, வாங்க."

காரில் அவர் தட்டை இறுகப் பிடித்திருந்தார். "நல்லா வரவேத்தாங்களேம்மா," என்றார் குழப்பத்துடன். "சாப்பிடக்கூட கூப்பிட்டாங்க. தப்பான எடம்னு யாருமே சொல்லலியே."

சிக்னலின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டேவான் வாசலில் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்டிமேளம் கேட்கும்வரை நான் காரை விட்டு இறங்கவில்லை.