உளுந்தஞ்சோறு தேடி ஒரகடம் சாலையில்

கேன்டீனில் பேச்சி தட்டைத் தள்ளி வைத்த நொடியில்தான் இந்தப் பயணம் என் மண்டையில் ஏறியது. சோற்றின் மேல் சாம்பார் ஊற்றி, ஒரு வாய்கூட வைக்காமல், தட்டை மேசை நடுவுக்கு நகர்த்தினாள்.

"திங்கக்கிழமை சொல்லிட்டுக் கிளம்புதேன்ட்டி. ராத்திரி வண்டிக்குச் சீட்டும் போட்டாச்சு."

பேச்சிக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். எங்கள் தொழிற்சாலையில் அவள் அசெம்பிளி லைன், நான் குவாலிட்டி. வந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட டெஸ்டிங் பிரிவு அடுத்த மாதம் கிடைப்பதாக இருந்தது. அந்தப் பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. ஆனால் ஆள் பாதியாகிவிட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு இறங்கவில்லை, கேன்டீன் சாப்பாடும் இறங்கவில்லை. பிஸ்கட்டும் தயிருமாக ஓட்டிக்கொண்டிருந்தவள் போன மாதம் லைனில் இரண்டு முறை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

"சோத்துக்காகவா வேலைய வுடுவாங்க? இன்னாடி நெனச்சிகினு கீற?" என்றேன்.

"உங்க ஊர்ல சோறே இல்லட்டி. வேற எல்லாம் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. என் வீடு படப்பை. பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே, படித்தது தண்டலம் பக்கத்துக் கல்லூரியில். இந்தச் சாலையில் எந்தக் கடையில் எந்த நேரம் எது சூடாக இருக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன் என்ற திமிர் எனக்கு உண்டு. "உனக்கு இன்னா வேணும், சொல்லு" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "உளுந்தஞ்சோறு. எள்ளுத் தொவையலோட."

தோல் உளுந்தை உடைத்து, அரிசியும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் குழைய வேகவைப்பது என்று விளக்கினாள். விளக்கும்போதே குரல் மாறியது. "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் எனக்குக் குடு. கெடைக்கலைன்னா நானே உன்ன பஸ் ஏத்தி வுடறேன்" என்றேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். படப்பையிலிருந்து ஒரகடம் கூட்டுரோடு சுமார் பதினோரு கிலோமீட்டர். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் இன்னும் ஒரு பன்னிரண்டு. வார நாளில் கம்பெனிப் பேருந்துகள் முட்டி மோதும் சாலை அன்று காலியாகக் கிடந்தது. மனைப் பிரிவு விளம்பரத் தட்டிகளும், கார் ஏற்றிப் போகும் நீண்ட லாரிகளும்தான் துணை. கிளம்பும்போதே பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில் இட்லியும் வடகறியும் பார்சல் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வடகறிதான், மனசு சரியில்லை என்றாலும் வடகறிதான். என் தரப்பையும் எடுத்து வைக்க வேண்டுமே.

ஸ்ரீபெரும்புதூர் எல்லையில் ஹாஸ்டல். வாசலில் வார்டன், "ஆறு மணிக்குள்ள உள்ள இருக்கணும். அஞ்சு நிமிஷம் தள்ளுனாலும் உங்க வீட்டுக்கு போன் போகும்" என்றார். பேச்சி தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். கோவில் தெருவில் ஒரு மர நிழலில் பார்சலைப் பிரித்தோம்.

"என்னட்டி இது? வடை சுடத் தெரியாதவுக அத ஒடச்சிக் கொழம்புல போட்டாவளா?"

"வாய மூடிகினு சாப்டு."

மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான்கு இட்லி. பிறகு விரலை நக்கிவிட்டு, "பரவால்ல" என்றாள். சங்கரன்கோவில்காரி வாயிலிருந்து 'பரவால்ல' வருவது சாதாரண விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். ராமானுஜர் கோவில் பக்கத்தில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய புளியோதரைக்கு அதுவும் கிடைக்கவில்லை. "புளி இருக்கு. காரம் எங்க?" என்றாள். என் கருத்தில் அது நல்ல புளியோதரை. நல்லெண்ணெய் மணத்தது, கடலைப்பருப்பு கடிபட்டது. அவளோடு இந்த விஷயத்தில் நான் சமாதானம் ஆகப்போவதில்லை.

பஸ் நிலையத்தைச் சுற்றி நான்கு ஓட்டல்களில் ஏறி இறங்கினோம். 'தென்னாட்டுச் சாப்பாடு' என்று பலகை இருந்த கடையில் உளுந்தஞ்சோறு கேட்டதும் சர்வர், "அப்டின்னா இன்னாம்மா? வெரைட்டி ரைஸா? லெமன் கீது, தக்காளி கீது" என்றார். இன்னொரு கடையில் எங்களைக் கண்டதும், "லேடீஸா? பார்சல் கட்டிடட்டா?" என்றார்கள். கேள்வியே அதுதான். இங்கே வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே குறைவு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பேருந்து ஹாஸ்டலில் ஏற்றுகிறது, ஹாஸ்டலில் இறக்குகிறது. நடுவில் ஊர் என்று ஒன்று இருப்பது ஜன்னலுக்கு வெளியேதான்.

பதினொன்றரைக்கு ஒரகடம் திரும்பினோம். கூட்டுரோடு அருகே 'நெல்லைச் சீமை பரோட்டா' என்று சிவப்பு எழுத்தில் ஒரு கடை. உள்ளே முழுக்க ஆண்கள். பையன் திரையைத் தூக்கி, "ஃபேமிலி உள்ள போங்க" என்றான். பேச்சி போகவில்லை. கல்லுக்கு நேர் எதிர் மேசையில் உட்கார்ந்து, "இங்கனயே போடுங்க" என்றாள். இரண்டு தலைகள் திரும்பின. அவள் முறைத்ததும் திரும்பிக்கொண்டன.

மாவை வீசிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்து, "யக்கா, எந்த ஊரு?" என்றார்.

"சங்கரன்கோயிலு. நீங்க?"

"மால்டா. பெங்கால்."

பேச்சி வாய் பிளந்தாள். "பொறவு எப்படி எங்கூருப் பேச்சு?"

"தொழில் படிச்சது சொரண்டையிலல்லா! ஏழு வருசம். அங்கன உள்ளவுக எப்படிப் பேசுதாவளோ அப்படித்தானே வரும்? இங்க வந்து பேசுனா எல்லாரும் சிரிக்காவ."

பேச்சி சிரித்தாள். மூன்று மாதமாக நான் கேட்காத சிரிப்பு. பரோட்டா ஒன்று பதினைந்து ரூபாய். பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றியதும் தட்டில் குனிந்துவிட்டாள். சாப்பிட்டு முடித்துத்தான், "மாஸ்டர், சால்னா அப்படியே எங்கூரு" என்றாள். ரஃபிகுல் என்கிற அந்த மாஸ்டருக்கு முகம் விரிந்தது. இந்தச் சாலையில் பரோட்டா சாப்பிட வேண்டுமென்றால் அங்கே போங்கள். திரைக்குள் போகாதீர்கள், கல்லுக்கு எதிரே உட்காருங்கள்.

உளுந்தஞ்சோறு பற்றிக் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அத யாரு கடையில போடுவா? வீட்டுல திங்கறத எவனும் கடையில வந்து கேக்க மாட்டான். கேக்காததக் கடைக்காரன் போட மாட்டான். ஆனா ஒண்ணு செய்ங்க. வல்லக்கோட்டை தாண்டி, சிமென்ட் ஷீட்டுக் கொட்டாயி. புளியங்குடிக்காரி ஒருத்தி மெஸ் வச்சிருக்கா, வேலம்மா. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஸ்கூட்டர் பறந்தது. முருகன் கோவில் வளைவைத் தாண்டி ஒரு கல் குவாரி லாரிக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே போய், விசாரித்து விசாரித்து, ஒன்றரை மணிக்குக் கொட்டகையைக் கண்டுபிடித்தோம். சரியான சாப்பாட்டு நேரம் என்று எனக்குப் பெருமை. தகரக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே பாய் சுருட்டும் சத்தம். கலைந்த கொண்டையை முடிந்துகொண்டே ஓர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"சாப்பாடு இருக்காக்கா?"

"மணி என்ன?"

"ஒன்றரை."

"அதான் கேக்கேன். ஒன்றரைக்கு வந்து சாப்பாடு கேட்டா என்ன அர்த்தம்?"

நானும் பேச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேலம்மா அக்காவுக்கே எங்கள் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். அவர் சமைப்பது நைட் ஷிப்ட் ஆட்களுக்கு. விடிகாலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டி, ஏழு மணிக்குச் சோறு, குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் இறக்கிவிடுவார். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவர்களுக்கு அதுதான் ராச்சாப்பாடு. தின்றுவிட்டுப் போய்ப் படுப்பார்கள். பத்து மணிக்கு மெஸ் மூடும். ஞாயிறு அன்று அவர்களுக்கு லீவு, அதனால் அடுப்புக்கும் லீவு.

இரண்டு வருடமாக எட்டரை மணிக்கு இந்தச் சாலையில் போகிறேன். காலங்காத்தாலே இலையில் சோற்றைப் பிசைந்து சாப்பிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பழையது போல என்று நினைத்துக் கடந்திருக்கிறேன். ஜெனரல் ஷிப்ட் புத்தி! மதியச் சாப்பாட்டை மதியம் தேடி ஒரு ஞாயிறை எரித்துவிட்டேன். இந்தச் சாலையில் சுடச்சுடச் சோறு இறங்கும் நேரம் காலை ஏழு.

பேச்சி மோர் தம்ளரைக் கீழே வைத்தாள். "பரவால்லட்டி. தேடுனல்லா, அது போதும்." அந்தப் 'பரவால்ல' எனக்குப் பிடிக்கவில்லை. விடைபெறும் குரல் அது.

நான் விடவில்லை. "அக்கா, உளுந்தஞ்சோறு செய்வீங்களா?"

அக்கா பேச்சியைப் பார்த்தார். "நீயா கேட்ட? எந்த ஊரு?" ஊரைச் சொன்னதும், "இங்கன வந்த நாள்ல இருந்து ஒருத்தரும் இதக் கேட்டதில்ல. எனக்கே தின்னணும்போல இருக்கு" என்றார். "ஆனா ரெண்டு பேருக்காக ஒல வைக்க மாட்டேன். பத்துப் பேரக் கூட்டிட்டு வா. புதன்கிழமை காலையில எறக்குதேன்."

பேச்சிக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். திங்கள் இரவு ஊருக்குக் கிளம்பாவிட்டால்.

"எள்ளு?" என்றாள் பேச்சி.

"அதான் கஷ்டம். இங்கன கடையில வாங்குன எள்ளு கசந்து போச்சு. எள்ளுத் தொவையல் இல்லாம நான் போட மாட்டேன், சொல்லிட்டேன்."

பேச்சி போனை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள். "எம்மா, நம்ம வீட்டு எள்ளு இருக்கா? கருப்பு எள்ளுதான். ஒரு கிலோ. நாளைக்கு ராத்திரி ஆம்னி பஸ்ல போட்டு விடு... இல்லம்மா, நான் வரல. எள்ளு மட்டும் வரட்டும்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உனக்கு என்னம்மா வேணும்? மெட்ராஸ் கொழம்பெல்லாம் நான் வைக்க மாட்டேன்."

"மெட்ராஸ் இல்லக்கா, படப்பை! கருவாட்டுக் கொழம்பு ஒரு நாள் நானே வந்து வைக்கிறேன். அப்புறம் பேசுங்க."

அக்காவோடு ஊர்க்கதை பேசி முடித்து, ஐந்தே முக்காலுக்கு ஹாஸ்டல் வாசல். வார்டன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். பேச்சி உள்ளே போகாமல் அங்கேயே நின்று போனில் சீட்டை ரத்து செய்தாள். "புதன்கிழமை வரைக்கும்தான். சோறு நல்லா இல்லன்னா வியாழக்கிழமை கெளம்பிருவேன்" என்று மிரட்டினாள். பிறகு படி ஏறிக்கொண்டே, "ராஜபாளையத்துக்காரி வருவா. கடையநல்லூர் ரெண்டு பேரு. திண்டிவனத்துப் பிள்ளையையும் கூப்பிடலாம், திங்கட்டும், தெரிஞ்சிக்கிடட்டும்" என்று ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இருட்டுமுன் படப்பை வந்து சேர்ந்தேன். வீட்டில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே தட்டில் விழுந்தது. கேட்காமல் விழும் சோறு என்றால் என்ன என்று எனக்கு இத்தனை நாள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய் விடியலில் பெருங்களத்தூரில் எள்ளை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அது சுலபம். நைட் ஷிப்ட் பேருந்து நேராக ஹாஸ்டலுக்குத்தான் போகும், வழியில் எங்கும் நிற்காது, அதுதான் விதி. டிரைவர் அண்ணனிடம் பேச வேண்டும், டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும், வார்டன் சம்மதிக்க வேண்டும். மூன்று பேருமே 'முடியாது' என்றுதான் தொடங்குவார்கள். தொடங்கட்டும். புதன்கிழமை காலை ஏழேகாலுக்குப் பத்துப் பெண்களோடு அந்தப் பேருந்து வல்லக்கோட்டை வளைவில் நிற்க வேண்டும். நாளைக்கு முதல் வேலையாக டிரைவரைப் பிடிக்கிறேன்.