மல்வினாவின் நீலம்

வூச் நகரத்துக் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் மல்வினா கூபிக் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. டிராமில் வருவாள், வேலை பார்ப்பாள், டிராமில் போவாள். ஆனால் அவள் பார்த்த வேலை இருக்கிறதே, அடேயப்பா! கேட்டவன் வாயைப் பிளப்பான்.

குளோரின் சேர்ந்த கரைப்பானில் தான் ஆராய்கிற பொருளைத் துளியூண்டு கரைத்து, குழாயோடு திரவ நைட்ரஜனில் இறக்குவாள். அது கண்ணாடி மாதிரித் தெளிவாக உறைந்துவிடும். பிறகு கோபால்ட்டின் கதிருக்கு முன்னால் வைப்பாள். கதிர் பட்டால் கரைப்பானின் எலக்ட்ரான் பிய்ந்து ஓடும். குளோரின் அதை லபக்கென்று விழுங்கிக்கொண்டு திருப்பியே தராது. பறிகொடுத்த மூலக்கூறு சும்மா இருக்குமா? பக்கத்தில் இருப்பதிடம் பறிக்கும், அது அடுத்ததிடம். இப்படிக் கைமாறிக் கைமாறி நஷ்டமெல்லாம் கடைசியில் மல்வினாவின் மூலக்கூறு தலையில் விடியும். எலக்ட்ரானைத் தோற்று, ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரானோடு தவிக்கிற அதற்கு ரேடிகல் கேட்டயான் என்று பெயர். வெளியே என்றால் இமைப்பதற்குள் மாயமாகிவிடும். உறைந்த கண்ணாடிக்குள்ளோ மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், அப்படியொரு நீலமாக!

அந்த நீலத்தைத்தான் துறைத்தலைவர் மர்ட்செலி நம்பவில்லை.

"கரைப்பான்ல இருக்கிற அழுக்கு மல்வினா அது. உங்க மூலக்கூறு இல்ல."

"பலதடவை வடிச்சு சுத்தம் பண்ணிட்டேன் சார்."

"அப்ப நிரூபிங்க. இல்லேன்னா புது வருஷத்திலேருந்து இந்த வேலைய நிறுத்திட வேண்டியதுதான்."

மல்வினாவுக்குப் பொறுக்கவில்லை. எத்தனை வருஷ உழைப்பு! ஒரே வார்த்தையில் அழுக்கு என்று சொல்லிவிட்டாரே மனுஷன்!

இந்தச் சமயத்தில், நாட்காட்டியில் அவள் பெயருக்கென்று குறித்திருக்கிற பெயர்நாள் வந்தது. அந்த ஊரில் பிறந்தநாளைவிடப் பெயர்நாள்தான் பெரிசு. யாரையும் அழைக்க வேண்டாம், அவர்களே வந்து நிற்பார்கள். மல்வினா ஜன்னலை மூடி, மங்கல் விளக்கில் நீலக் குழாயை அளந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டால் அளவு கெட்டுவிடும் என்பது பக்கத்து அறை டெக்லாவுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் கையில் கசகசா கேக், வாயில் வாழ்த்துப் பாட்டு. வந்த குஷியில் பட்டென்று எல்லா விளக்கையும் போட்டுவிட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா இருட்டுல உக்காந்து பேயா ஓட்டுற?"

"அடிப்பாவி! அணைடி, அணை!"

மல்வினா பதறிப்போய்க் குழாயைப் பார்த்தாள். நீலம் போயே போய்விட்டது. ஆனால் நிறம் போகவில்லை. குழாய் செக்கச்செவேல் என்றிருந்தது!

"என்னடி இது, சிவந்து கிடக்கு?" என்றாள் டெக்லா.

மல்வினாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவளுடைய மூலக்கூறு ஒரு வளையம். வெளிச்சம் அந்த வளையத்தைத் திறந்துவிட்டிருந்தால்? திறந்த வளையம் என்றால் சங்கிலி. அந்தச் சங்கிலிப் பொருளையே தனியாகக் கதிரில் வைத்தால் இதே சிவப்பு வர வேண்டும். வந்தால் நீலம் வளையத்துடையது. அழுக்குக்கு அங்கே வேலையில்லை.

வளையப் பொருள் இன்னும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது. மறுநாள் அதை ஒரு குழாயிலும் ஆய்வுக்கூடத்தில் இருந்த சங்கிலிப் பொருளை இன்னொன்றிலும் உறைய வைத்து, கதிர் காட்டி, மர்ட்செலியை இருட்டறைக்குக் கூப்பிட்டாள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"சரி, இப்ப என்ன?" என்றார் அவர்.

மல்வினா சுவிட்சில் விரலை வைத்தாள். மாறாவிட்டால் எல்லாம் முடிந்தது. திரும்பச் செய்யப் பொருளும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

அவள் கண்ணைத் திறந்தபோது நீலம் ஊதாவாகி, ஊதா சிவந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எது எந்தக் குழாய் என்றே தெரியவில்லை. இரண்டையும், நிறத்தைக் கோடாக வரைந்து காட்டும் நிறமாலைமானியில் வைத்தார்கள். கோடு கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்தது.

"வளையம் திறக்கிறத கண்ணால பாத்துட்டேன்," என்றார் மர்ட்செலி. "போயும் போயும் இத அழுக்குன்னேனே! இருங்க, எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

"அப்புறம் கூப்பிடலாம் சார்," என்றாள் மல்வினா. கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. "இத்தனை வருஷமா நான் ஒருத்தியாத்தான் பாத்துட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கூட இருந்து பாருங்க."

அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.