கெபிக்கு வந்த பவளப்பாறை

அந்தக் கெபியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில் பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சங்கு குளித்தேன், உப்பளத்தில் கிடந்தேன், பிறகு பிரஷ்ஷைப் பிடித்தேன்.

திருவிழாவுக்கு மாதா சுரூபம் வைக்கக் குகை மாதிரி கெபி கட்டியிருந்தார்கள். கடலே மாதாவைச் சுமக்கட்டும் என்று, தீவுப் பக்கத்துப் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வந்து அடுக்கியிருந்தார்கள். குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். மாதா காரியம் என்றால் யார் கேட்பார்?

பாறை வெளுத்தது. உள்ளிருந்த உயிரெல்லாம் செத்து அழுகி நாறியது. சாம்பிராணி போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, பச்சையும் ஊதாவும் அடிக்கச் சொன்னார்கள்.

தண்ணீருக்குள் அதன் நிறத்தை நான் பார்த்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு அதன்மேல் மிதக்கும்போது, கோவிலில் வராத செபம் எனக்கு வந்திருக்கிறது. படைத்தவர் பூசிய நிறம் அது. அதன் பிணத்துக்கு நான் எனாமல் அடிப்பதா?

அந்நேரம், கெபியின் மேல்வரிசைக்கென்று அடுத்த நடைப் பாறையோடு படகு கரைக்கு வந்தது. இந்த முறை வெளுத்து நாறாமலிருக்கத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் போட்டிருந்தார்கள்; நிறம் மாறாமல், உயிரோடு கிடந்தது.

விழாக் கமிட்டித் தலைவரிடம் போனேன். "அண்ணாச்சி, இது கல்லு இல்ல, உசுரு. எடுத்த எடத்துலயே போடச் சொல்லுங்க."

"ஏலே, பெயிண்ட் அடிக்க வந்தியா, பிரசங்கம் வைக்க வந்தியா? கடலப் படைச்சது ஆரு? அவரு பொருள அவரு அம்மைக்கு வைக்கோம். ஒனக்கு எங்கன வலிக்கி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அவரு உசுரோட படைச்சாரு. நீங்க பொணமாக்கி வைக்கிய. ஒங்க அம்மைக்குப் பொறந்தநாளுன்னா அழுகுன மீனையா கொண்டு குடுப்பிய?"

சிரிப்பு நின்றது. தலைவர் கையை ஓங்கினார். பெயிண்ட் டப்பாவை அவர் காலடியில் வைத்துவிட்டுப் படகின் கயிற்றைப் பிடித்தேன்.

படகுக்காரர் தொட்டிக்குள் பார்த்தார். பாறைப் பொந்திலிருந்து நகக்கண் அளவில் ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

"தள்ளுலே" என்றார்.

தள்ளினேன். படகு தீவைப் பார்த்துத் திரும்பியது. எடுத்த இடத்தில் திரும்பப் போட்ட பாறை பிழைத்ததா, தெரியாது. கெபியில் கிடந்தது பிழைக்கவில்லை. வேறொருவன் வந்து ஊதா அடித்தான். திருவிழாப் பூசையில் பங்குச் சாமியார், கடலும் அதிலுள்ள யாவும் ஆண்டவரைப் புகழ்வதாகப் பிரசங்கித்தாராம். கெபிப் பக்கம் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்களாம்.