அப்பாவின் படகு வராத காலை

வைத்திக்குப்பத்துப் படகுகள் எல்லாம் காலை எட்டு மணிக்கே கரையேறிவிட்டன. அப்பாவும் பெரியப்பாவும் போன படகை மட்டும் காணவில்லை. அப்பாவின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பெரியப்பாவின் போன் அணைந்திருந்தது. மீன் நிறைய பட்டிருக்கும், வந்துவிடுவார்கள் என்று பக்கத்துப் படகுக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். பத்து மணிக்குமேல் அவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

முந்தின நாள்தான் அப்பா என்ஜினைப் பிரித்திருந்தார். அது சூடேறாமல் இருக்கத் தண்ணீர் இழுக்கும் பம்புக்குள், சின்ன இறக்கைகள் வைத்த ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கும். போனில் ஆர்டர் போட்டு வரவழைத்த புதுச் சக்கரத்தை மாட்டினார். ஜோடியாக வந்ததில் மற்றொன்று வீட்டில் இருந்தது. அதில்தான் கோளாறோ என்று அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து டவுனுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

படகு என்ஜின் விற்று ரிப்பேரும் பார்த்த கடை, மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. எங்கள் பக்கத்துக்கு அது ஒன்றுதான். போன வருஷம் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் காப்பிக்கடை வந்திருந்தது. கண்ணாடிக்குள்ளே வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் மாடிப்படி ஏறினாள். கடைக்காரர் மேல்வீட்டில்தான் இருந்தார்.

அவர் சக்கரத்தை வாங்கி லேசாக வளைத்தார். ஓர் இறக்கை அவர் விரலோடு பிய்ந்து வந்தது.

"இதையா போட்டாரு? அரை மணி நேரங்கூடத் தாங்காதும்மா. தூரமாப் போயிருக்க மாட்டாங்க."

செருப்புகூடப் போடாமல் எங்களை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். தேடுவதென்றால் வழக்கமாக வலை போடும் ஆழத்துக்குத்தான் போக வேண்டும் என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டதும் பேச்சு மாறியது. கிட்டத்திலேயே என்ஜின் நின்றிருந்தால், தென்காற்று படகை இந்நேரம் காலாப்பட்டுப் பக்கம் தள்ளியிருக்கும். இரண்டு படகுகள் வடக்கே பாய்ந்தன.

அம்மா உட்காரவே இல்லை. கடைக்காரரும் சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

பிற்பகலில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெரியப்பா படகுக்குள் சுருண்டு படுத்திருந்தார். அப்பாவின் உதடு வெடித்திருந்தது. அம்மா அழவில்லை, கடைக்காரரிடம் திரும்பினாள்.

"நீங்க கடைய மூடாம இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமாண்ணே?"

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மூடறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா உங்க வூட்டுக்காரரு கடப்பக்கமே வரலம்மா. யாருமே வரல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மற்ற படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார்கள். அப்பா படகின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டபடி, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் உட்கார்ந்ததில் அவருக்குக் கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து, நான் தண்ணீருக்குள் ஓடிப் போய் அவர் காலைத் தேய்த்துவிட்டேன்.